வீட்டில் சிவப்பு ஒளி சிகிச்சை: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

சிவப்பு எல்இடி பேனல், முகத்தில் மாட்டும் மாஸ்க், முடிக்கான தொப்பி என்று ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், கூடவே சந்தேகங்களும் வந்துவிடும். எத்தனை நிமிடம், கண்ணுக்கு ஆபத்தா, மாத்திரை சாப்பிடுபவர்கள் போடலாமா என்று வெவ்வேறு ஆட்கள் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட பாணியிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முதலில் எளிதானவை, போகப் போகச் சிக்கலானவை. அவசரமாக இருப்பவர்கள் நேரம், கண், மாத்திரை பற்றிய மூன்று பதில்களையாவது படித்துவிட்டு சுவிட்சைப் போடுங்கள்.

இந்த சிவப்பு லைட் உடம்புல அப்படி என்னதான் பண்ணுது?

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை இரண்டு வகை ஒளியைத் தருகின்றன. ஒன்று 630 முதல் 660 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட சிவப்பு (ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும் அளவுதான் அலைநீளம்). இன்னொன்று 810 முதல் 850 வரையிலான அண்மை அகச்சிவப்பு. இரண்டாவது கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது, ஆனால் தோலுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகும். செல்களுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்றொரு நொதி இருக்கிறது. அது இந்த ஒளியை உறிஞ்சுவதால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, வீக்கம் தணிகிறது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே இன்னும் விவாதம் உண்டு.

தொடக்கம் ஒரு தற்செயல். 1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், எலிகளின் ரோமத்தை மழித்துவிட்டு சக்தி குறைந்த ரூபி லேசரைக் காட்டினார். அவர் பார்க்க நினைத்தது புற்றுக்கட்டியில் லேசரின் விளைவை. கண்ணில் பட்டதோ, லேசர் பட்ட எலிகளுக்கு ரோமம் சீக்கிரம் முளைத்தது. 1990-களில் விண்வெளியில் செடி வளர்க்க நாசா சோதித்த எல்இடி விளக்குகள் காயம் ஆற்றும் ஆய்வுகளுக்குள்ளும் நுழைந்தன. இன்று ஆய்வுலகம் இதை ஃபோட்டோபயோமாடுலேஷன் என்கிறது.

வெயில்ல நிக்கிற மாதிரிதானே இது? புற்றுநோய் வராதா?

வெயிலில் தோலைச் சுடுவதும் மரபணுவை நேரடியாகச் சேதப்படுத்துவதும் புற ஊதாக் கதிர்கள். அவை 400 நானோமீட்டருக்குக் கீழே. சிவப்பு அதிலிருந்து வெகு தூரம். ஒழுங்காகத் தயாரித்த சிவப்பு எல்இடியில் புற ஊதா இருக்காது, அதனால் வெயிலைப் போல் புற்றுநோய்க்கு வழி வகுக்கும் என்று பயப்படத் தேவையில்லை. அதே காரணத்தால் இதிலிருந்து வைட்டமின் டி-யும் கிடைக்காது. ‘வெயில் விளக்கு’ என்ற பெயரில் புற ஊதா விளக்குகளும் விற்கப்படுகின்றன. அவை வேறு சாதனம், இந்தப் பதில்கள் எதுவும் அவற்றுக்குப் பொருந்தாது.

எதுக்கெல்லாம் நிஜமாவே வேலை செய்யுது?

விளம்பரத்தைப் படித்தால் தலைமுடி முதல் கால் நகம் வரை எல்லாவற்றுக்கும் மருந்து இதுதான். அப்படியெல்லாம் இல்லை, ஆனால் வெறும் ஏமாற்று வேலையும் இல்லை. ஆதாரம் மிக வலுவாக இருக்கும் இடம் பலருக்குத் தெரியாத ஒன்று: புற்றுநோய் சிகிச்சையின்போது வரும் கடுமையான வாய்ப்புண்ணைத் தடுப்பது. சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்களே இதைப் பரிந்துரைக்கின்றன. ஆனால் அது மருத்துவமனையில், அளந்து, பயிற்சி பெற்றவர்கள் செய்வது.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் பரம்பரை முடி உதிர்வுக்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. 655 நானோமீட்டர் லேசர் சீப்பு ஒன்றுக்கு, அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2007-இல் ஆண்களுக்கும், 2011-இல் பெண்களுக்கும் அனுமதி கொடுத்தது. மெலிந்த முடி கொஞ்சம் தடிக்கும், எண்ணிக்கை கொஞ்சம் கூடும். வழுக்கையாகிப் பல வருடமான இடத்தில் புதிதாக முளைக்காது. இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டு கோளாறாலோ கொட்டும் முடிக்கு, அந்தக் காரணத்தைச் சரி செய்வதுதான் வழி. மெல்லிய சுருக்கம், முகப்பரு இரண்டிலும் மிதமான பலன் காட்டிய ஆய்வுகள் உண்டு. முகப்பருவுக்குப் பெரும்பாலும் நீல ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மூட்டுவலியில் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கொடுத்த அளவு ஆய்வுக்கு ஆய்வு மாறுவது அதற்கு ஒரு காரணம்.

எடை குறைப்பு, ‘நச்சு நீக்கம்’, ஆண் ஹார்மோனை ஏற்றுவது போன்றவற்றை நான் விளம்பரக் கணக்கில்தான் சேர்க்கிறேன். இடுப்புச் சுற்றளவைச் சற்றுக் குறைக்கவென்று அனுமதி பெற்ற, மருத்துவமனைகளில் வைத்திருக்கும் லேசர் கருவிகள் உண்மையிலேயே உண்டு. அதைக் காட்டி ஒரு பேனலை எடை குறைக்கும் இயந்திரம் என்று விற்பது நேர்மையில்லை.

பெட்டியில எஃப்டிஏ கிளியர்டுனு போட்டிருக்கு. அப்போ நிரூபிச்சதுதானே?

பாதி சரி. ‘கிளியர்டு’ என்றால், ஏற்கெனவே சட்டப்படி விற்பனையில் இருக்கும் ஒரு கருவிக்கு இது ஏறக்குறைய சமம் என்று காட்டி விற்க அனுமதி வாங்கியிருக்கிறார்கள். அபாயம் அதிகமுள்ள கருவிகளுக்குக் கேட்கப்படும் ‘அப்ரூவ்டு’ இதைவிடக் கடுமையான தேர்வு. ‘ரெஜிஸ்டர்டு’ என்று மட்டும் போட்டிருந்தால் நிறுவனத்தின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். அதை யாரும் சோதித்ததாக அர்த்தமில்லை.

எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். சுருக்கத்துக்கு அனுமதி வாங்கிய மாஸ்க்கை வைத்து முடி வளரும் என்றால், அந்த முத்திரை அங்கே உதவாது.

சரி, எத்தனை நிமிஷம்? எவ்வளவு தூரம்?

எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் இல்லை என்பதுதான் இங்கே சிக்கல். கருவியின் கையேட்டில் சொன்னதே முதல் விதி. அது ஏன் கருவிக்குக் கருவி மாறுகிறது என்று புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். தோலில் விழும் ஒளியின் பலத்தை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிவாட் என்று சொல்வார்கள். அதை விநாடிகளால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் என்ற அளவு வரும். 40 மில்லிவாட் தரும் மாஸ்க்கை 5 நிமிடம், அதாவது 300 விநாடி போட்டால் 12 ஜூல். 100 மில்லிவாட் தரும் பேனல் அதே 12 ஜூலை இரண்டே நிமிடத்தில் கொடுத்துவிடும். மாஸ்க்குக்குச் சொன்ன நேரத்தைப் பேனலுக்குப் போட்டால் என்ன ஆகும் என்பது இதிலேயே தெரிகிறது.

தோல் சம்பந்தப்பட்ட ஆய்வுகளில் ஒரு தடவைக்குச் சில ஜூலில் தொடங்கி சில பத்து ஜூல் வரை கொடுத்திருக்கிறார்கள். தூரம் கூடக் கூட பலம் குறையும். விற்பவர்கள் சொல்லும் எண் பெரும்பாலும் 15 சென்டிமீட்டரில் அளந்தது, சில சமயம் விளக்கை ஒட்டியே அளந்தது. அதனால் எண்ணோடு தூரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொரு விஷயம், சூரிய ஒளியை அளக்கும் மலிவான மீட்டரை இந்தப் பேனல் முன்னால் பிடித்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். வீடியோக்களில் வரும் பெரிய பெரிய எண்கள் பல இப்படி வந்தவைதான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: கையேட்டில் உள்ள நேரத்தில் பாதி, வாரத்தில் மூன்று நாள், இரண்டு வாரம். தோல் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டால் முழு நேரத்துக்குப் போங்கள்.

சீக்கிரம் பலன் கிடைக்கணும்னு கூடுதலா போட்டா என்ன?

இந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு. குறைந்த அளவு ஒன்றும் செய்யாது, நடுவில் ஓர் அளவு உதவும், அதைத் தாண்டினால் பலன் குறைந்து சில சமயம் எதிர்மறையாகவும் போகும். சமையலில் உப்பு மாதிரி. ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் விலங்குகளிலும் இது பல முறை பார்க்கப்பட்ட விஷயம். அதனால் இரட்டை நேரம் போட்டால் இரட்டைப் பலன் என்ற கணக்கு இங்கே எடுபடாது.

தோலுக்கு உண்மையிலேயே தீங்கு வரும் எல்லையையும் ஆய்வு செய்திருக்கிறார்கள். 2020-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வில், வெள்ளைத் தோலினர் 480 ஜூல் வரையும், நிறம் கூடிய தோலினர் 320 ஜூல் வரையும் தாங்கினார்கள். அதற்கு மேலே கொப்புளமும் நாள் கணக்கில் மறையாத சிவப்பும் வந்தன. 320 ஜூல் என்பது எட்ட முடியாத எண் போலத் தெரியும். முந்தைய பதிலின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 100 மில்லிவாட் பேனலுக்கு முன்னால் 53 நிமிடம் போதும். பேனல் முன் படுத்து அசந்து தூங்கியவர்களுக்கு இது சாதாரணமாக நடக்கும். தானாக அணையும் டைமர் இல்லாத கருவியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

மாநிறம், கறுப்பு நிறத் தோலுக்கு ஏதாவது வித்தியாசம் உண்டா?

உண்டு, இதை விளம்பரங்கள் சொல்வதே இல்லை. மேலே பார்த்த 320-க்கும் 480-க்கும் இடையிலான இடைவெளி சும்மா வந்ததில்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனின் அதிகம் இருந்தால் ஒளியை அதிகம் உறிஞ்சும், சூடும் சீக்கிரம் ஏறும். போடக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. குறைவாகத் தொடங்குங்கள் என்று அர்த்தம்.

இதைவிட முக்கியமானது மாஸ்க்கில் இருக்கும் நீல விளக்கு. பல மாஸ்க்குகளில் சிவப்பு, நீலம் என்று நிறம் மாற்றும் பொத்தான் இருக்கும். மாநிறத் தோலில் 415 நானோமீட்டர் நீல ஒளி வாரக்கணக்கில் மறையாத கருமையை உண்டாக்கியதையும், 630 நானோமீட்டர் சிவப்பு அப்படிச் செய்யாததையும் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் பரு வந்து போன இடத்தில் கரும்புள்ளி எளிதாகப் படியும் தோல் என்றால் நீலப் பொத்தானை மறந்துவிடுங்கள். மங்கு இருப்பவர்களுக்குச் சூடே எதிரி. சிவப்பு ஒளியானாலும் முகம் வெதுவெதுப்பாகும் அளவுக்குப் போகாதீர்கள். தோல் மருத்துவரிடம் ஏற்கெனவே மங்குக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால், அவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

கண்ணை மூடிக்கிட்டா போதாதா? கண்ணாடி போட்டே ஆகணுமா?

கண்ணை மூடிக்கொண்டு விளக்குப் பக்கம் திரும்பிப் பாருங்கள், சிவப்பாகத் தெரியும். இமை வழியாக எளிதாக உள்ளே போகும் நிறம் சிவப்புதான். மூடிய இமை கொஞ்சம் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அண்மை அகச்சிவப்பு இன்னும் ஏமாற்றும். கண்ணுக்கே தெரியாததால் கண் கூசாது, கண் பாப்பா சுருங்காது, இமை தானாக மூடாது. ஆனால் ஒளி விழித்திரை வரை போகும். அதனால் பேனல் என்றால் கருவியோடு வந்த, ஒளி புகாத கண் மூடி கட்டாயம். சாதாரண கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. அதன் கறுப்பு நிறம் பார்வைக்குத் தெரியும் ஒளியைக் குறைக்கிறதே தவிர, அகச்சிவப்பை எவ்வளவு தடுக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக் கருவிதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பதற்கு ஓர் உதாரணம். நியூட்ரோஜீனா நிறுவனத்தின் முகப்பரு ஒளி மாஸ்க் 2019-இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதில் நீலமும் சிவப்பும் சேர்ந்திருந்தன. சில பரம்பரை விழித்திரை நோய்கள் உள்ளவர்களுக்கும், கண்ணை ஒளிக்குக் கூடுதலாக வினைபுரிய வைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் பாதிப்பு வரக்கூடும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆபத்து இருப்பதாக நிறுவனம் சொல்லவில்லை. ஆனாலும் விழித்திரை நோய், கண் அறுவை, கண் ஊசி என்று ஏதாவது வரலாறு இருந்தால் கண் மருத்துவரின் சம்மதம் இல்லாமல் முகத்தில் மாட்ட வேண்டாம்.

லேசர் கருவிகள் தனி ரகம். எல்இடி ஒளி பரவிப் போகும், லேசர் குவிந்து போகும். லேபிளில் லேசரின் அபாய அளவைக் காட்டும் வகுப்பு எண் 3பி அல்லது 4 என்று இருந்தால் அது வீட்டில் வைத்திருக்க வேண்டிய பொருளே இல்லை.

சிவப்பு வெளிச்சம் கண்ணுக்கே நல்லதுன்னு படிச்சேனே?

படித்தது பொய்யில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 2020-இல் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். தினமும் 3 நிமிடம் 670 நானோமீட்டர் ஒளியைப் பார்த்த, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு நிறங்களைப் பிரித்தறியும் திறன் கொஞ்சம் கூடியது. வயதானவர்களுக்கு வரும் உலர் வகை மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவுக்கென்று ஒரு ஒளிக் கருவிக்கு எஃப்டிஏ 2024-இல் அனுமதி கொடுத்தது. அது கண் மருத்துவமனையில் பயன்படுத்துவது.

கதையின் மறுபக்கமும் இருக்கிறது. குழந்தைகளின் கிட்டப்பார்வை கூடாமல் இருக்க, கண்ணுக்குள் சிவப்பு லேசர் காட்டும் கருவிகள் சீனாவில் பரவலாகின. அப்படிச் சில மாதம் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை பாதிக்கப்பட்டது 2023-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகளில் ஒளியின் பலத்தைக் கண்ணுக்கென்றே அளந்து வைத்தார்கள். உங்கள் பேனல் தோலுக்காகச் செய்தது, அந்த அளவை விடப் பல மடங்கு பலமாக இருக்கலாம். அதைக் கண் கொட்டாமல் பார்க்கும் பரிசோதனையை உங்கள் மேலேயே செய்து பார்க்காதீர்கள்.

நான் தினமும் மாத்திரை சாப்பிடுறேன். போடலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. டாக்சிசைக்ளின் (ஆன்டிபயாடிக்), ஹைட்ரோகுளோரோதயசைடு (ரத்த அழுத்தத்துக்கு), அமியோடரோன் (இதயத் துடிப்புக் கோளாறுக்கு) போன்றவை தோலை வெளிச்சத்துக்குக் கூர்மையாக்கும். இவற்றில் பெரும்பாலும் தூண்டுவது புற ஊதா, சிவப்பு அவ்வளவு இல்லை. ஆனாலும் இவற்றைச் சாப்பிடுபவர்கள் கருவியைத் தவிர்க்க வேண்டும் என்று கையேடுகள் ஒட்டுமொத்தமாகச் சொல்கின்றன. மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ ‘இந்த மாத்திரை வெளிச்சத்தோடு வினை புரியுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்களின் தோல் ஏற்கெனவே உலர்ந்து மெலிந்திருக்கும், அவர்களும் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் போன்ற மூலிகை மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவும் ஒளியோடு வினை புரியும்.

நிஜமாகவே ஆபத்தில் இருக்கும் ஒரு கூட்டம் உண்டு. ஃபோட்டோடைனமிக் சிகிச்சை என்று, ஒரு மருந்தைக் கொடுத்து ஒளியால் அதைத் தூண்டி, கெட்ட செல்களைக் கொல்வார்கள். அந்தத் தூண்டும் ஒளி பல சமயம் சிவப்புதான். போர்ஃபிமர் என்ற மருந்துக்கு 630, வெர்டிபோர்ஃபினுக்கு 689 நானோமீட்டர். உங்கள் பேனல் அந்த எல்லையிலேயே எரிகிறது. போர்ஃபிமர் ஏற்றிக்கொண்டவர்களின் தோல் 30 நாளோ அதற்கு மேலுமோ பலமான வெளிச்சத்துக்கு வெந்துபோகும் நிலையில் இருக்கும். இவர்களுக்கு வீட்டுச் சிவப்பு விளக்கு கண்டிப்பாகக் கூடாது. தோல் வெளிச்சத்தைத் தாங்காத போர்ஃபிரியா நோய் உள்ளவர்களுக்கும் இதுவேதான்.

மெத்திலீன் ப்ளூ குடிச்சிட்டு சிவப்பு லைட் போட்டா டபுள் எஃபெக்ட்னு சொல்றாங்களே?

செய்யாதீர்கள். மெத்திலீன் ப்ளூ சிவப்பு ஒளியை, குறிப்பாக 660-ஐ ஒட்டிய ஒளியை, நன்றாக உறிஞ்சும் சாயம். ஒளியோடு சேர்ந்து செல்களைக் கொல்லும் தன்மைக்காகவே கிருமி அழிப்புக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு முந்தைய பதிலில் சொன்ன ஃபோட்டோடைனமிக் வேலையை, அளவே இல்லாமல், உங்கள் உடம்பிலேயே செய்வதற்குச் சமம். மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, வெளிச்சமே இல்லாவிட்டாலும், இந்தச் சாயம் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை அபாயகரமாக ஏற்றிவிடும் என்று எஃப்டிஏ 2011-இலேயே எச்சரித்திருக்கிறது.

புற்றுநோய் இருந்தவங்க, இப்ப சிகிச்சையில இருக்கிறவங்க?

வாய்ப்புண்ணுக்கு மருத்துவமனையிலேயே கொடுக்கிறார்களே, வீட்டில் போட்டால் என்ன என்று கேட்பார்கள். அங்கே புற்று எங்கே இருக்கிறது, ஒளி எங்கே விழ வேண்டும், எவ்வளவு விழ வேண்டும் என்று தெரிந்து செய்கிறார்கள். செல்லின் ஆற்றலைக் கூட்டும் ஒன்றைப் புற்றுக்கட்டி மேல் காட்டலாமா என்பதில் முடிந்த முடிவு இல்லாததால், கட்டி இருக்கும் இடத்தின் மேல் காட்டக் கூடாது என்பதே வழக்கம். உங்கள் புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். நிறம், வடிவம் மாறிக்கொண்டிருக்கும் மச்சம் மேலும் காட்டாதீர்கள், முதலில் அதைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கர்ப்பமா இருக்கேன், முகத்துக்கு மட்டும் போடலாமா?

முகத்தில் படும் ஒளி வயிறு வரை போக வழியில்லை. ஆனால் கர்ப்பிணிகளிடம் போதுமான ஆய்வு இல்லாததால் நிறுவனங்களே வேண்டாம் என்கின்றன. சுருக்கம் ஒன்பது மாதம் காத்திருக்கும். வயிற்றின் மேலும் இடுப்பின் மேலும் கண்டிப்பாக வேண்டாம். கர்ப்ப காலத்தில் மங்கு எளிதில் வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள், மாநிறத் தோல் பற்றிய பதிலில் காரணம் இருக்கிறது.

சுகர் இருக்கு. கால் எரிச்சலுக்கும் புண்ணுக்கும் காட்டலாமா?

நீரிழிவால் கால் மரத்துப் போயிருந்தால் சூடு தெரியாது. மற்றவர்கள் ‘சுடுது’ என்று காலை இழுத்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் இழுக்க மாட்டீர்கள். அகச்சிவப்புப் பட்டையையோ திண்டையோ காலில் சுற்றிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தால், கொப்புளத்தைப் பிறகு கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். நீரிழிவுப் புண்ணில் இந்த ஒளியைச் சோதித்த ஆய்வுகள் உண்டுதான். ஆனால் அங்கே ஒளி ஒரு கூடுதல் உதவி மட்டுமே. புண்ணைச் சுத்தம் செய்வது, கிருமியைப் பார்ப்பது, ரத்த ஓட்டத்தைச் சோதிப்பது எல்லாம் ஒரு மருத்துவக் குழு செய்தது. வீட்டில் விளக்கை நம்பி இரண்டு வாரம் தள்ளிப்போட்ட புண், காலையே கேட்கும் நிலைக்குப் போகலாம்.

சாதாரண சிவப்பு பல்பு மாட்டினா போதாதா? விலை குறைவாச்சே?

போதாது. சிவப்புச் சாயம் பூசிய அலங்கார பல்பு தரும் ஒளியின் பலம் மிகக் குறைவு. தசைவலிக்கு விற்கும் 250 வாட் சிவப்பு வெப்ப விளக்கு நேர்மாறு: அதன் வேலையே சூடு கொடுப்பது. வலி தணிய அது உதவலாம், ஆனால் அதை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு மாஸ்க் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் சூடு பட்டால் தோலில் வலைப்பின்னல் போலப் பழுப்புக் கோடுகள் விழும். சில சமயம் அவை போகவே போகாது.

க்ரீம் தடவிட்டுப் போடணுமா, தடவாமலா?

கழுவித் துடைத்த வெறும் முகம். சன்ஸ்கிரீனும் மேக்கப்பும் ஒளியைத் திருப்பி அனுப்பும், வாசனை எண்ணெய்கள் எரிச்சல் தரும். முடித்த பிறகு மாய்ஸ்சரைசர் போடலாம். ரெட்டினால் பயன்படுத்துபவர்கள் அன்று முகம் எரிகிறது, உரிகிறது என்றால் ஒளிக்கு விடுமுறை விடுங்கள். டாட்டூ மேல் படாமல் பாருங்கள். கறுப்பு மை ஒளியை இழுத்துச் சுற்றியுள்ள தோலைவிட அதிகம் சூடாகும்.

டாக்டர் போட்டோதெரபி எழுதிக் கொடுத்தார். வீட்டுல இருக்கிற இதையே போட்டுக்கலாமா?

முடியாது, இதில் குழப்பிக்கொண்டால் ஆபத்து. ஒளிச் சிகிச்சை என்ற ஒரே பெயரில் நாலைந்து வெவ்வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. சோரியாசிஸுக்கும் வெண்புள்ளிக்கும் கொடுப்பது 311 நானோமீட்டரை ஒட்டிய புற ஊதா. பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்குக் கொடுப்பது 460-ஐ ஒட்டிய நீல ஒளி. அது தோலில் உள்ள பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. குளிர்கால மனச்சோர்வுக்குக் கொடுப்பது 10,000 லக்ஸ் வெள்ளை ஒளி. இவற்றில் எதையும் சிவப்பு விளக்கு செய்யாது. குறிப்பாக மஞ்சள் காமாலையில் தாமதம் குழந்தையின் மூளையைப் பாதிக்கும், அங்கே வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

மூணு வாரமா போடுறேன், ஒண்ணும் தெரியலையே?

முகத்துக்கு 8 முதல் 12 வாரம், முடிக்கு 16 முதல் 26 வாரம் என்பதுதான் ஆய்வுகளில் பார்த்த கால அளவு. கண்ணாடியில் தினம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே இடம், ஒரே வெளிச்சம், மாதம் ஒரு படம் என்று எடுத்து வையுங்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டும் படத்தில் வித்தியாசம் இல்லையென்றால், உங்களுக்கு இது வேலை செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டு நிறுத்துங்கள். நேரத்தைக் கூட்டும் வேலை வேண்டாம், காரணம் ஏற்கெனவே சொன்னதுதான்.

போட்ட பிறகு முகம் சிவக்குது, சில நாள் தலைவலியும் வருது. இது நார்மலா?

லேசான சிவப்பு ஒரு மணி நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மறுநாளும் இருந்தால் அளவு அதிகம். தோல் முழுதாக ஆறிய பிறகு பாதி நேரத்தில் மீண்டும் தொடங்குங்கள். கொப்புளம், கருமை, கண்ணில் மிதக்கும் புள்ளி, பார்வையில் மறையாத கறை என்று எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். கண் அறிகுறி என்றால் அன்றைக்கே.

தலைவலிக்குப் பெரும்பாலும் பிரகாசமோ விளக்கின் நுண்ணிய துடிப்போ காரணமாக இருக்கும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது எளிதில் தூண்டும். வலிப்பு வரலாறு உள்ளவர்கள் ‘பல்ஸ்’ என்று துடிக்கும் முறையைத் தொடவே கூடாது.

ராத்திரி படுக்கும்போது போட்டா தூக்கம் நல்லா வருமாமே?

நீலத்தைவிடச் சிவப்பு உறக்கத்தைக் குறைவாகக் கெடுக்கும் என்பது சரி. அதற்காக, முகத்துக்கு நேரே பளீரென்று எரியும் பேனல் தாலாட்டு ஆகிவிடாது. படுக்கையில் போடுவதில் எனக்குப் பயம் வேறு: மாட்டிக்கொண்டே தூங்கிவிடுவது. பேட்டரி மாஸ்க் என்றால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது முகத்தில் மாட்டாதீர்கள். வயர் உரிந்திருந்தாலும் பேட்டரி உப்பியிருந்தாலும் அந்தக் கருவி முடிந்தது. குளியலறையிலும் வேண்டாம்.

மாஸ்க்கும் இருக்கு, பேனலும் இருக்கு. ஒரே நாளில் ரெண்டும் போடலாமா?

தோலுக்கு எந்தக் கருவி என்று தெரியாது, மொத்த ஜூல் மட்டும்தான் தெரியும். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். முகத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று பிரித்தால் பிரச்சினை இல்லை. பேனல் முதுகைப் பார்க்கும்போதும் சுவரிலும் கண்ணாடியிலும் பட்டு ஒளி திரும்பி வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்? வாட்ஸ் அதிகமா இருக்கிறதா?

வாட்ஸை நம்பாதீர்கள். 300 எல்இடி, ஒவ்வொன்றும் 5 வாட், ஆக 1500 வாட் என்று பெருக்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அந்த எல்இடிகளை அவ்வளவு முழு சக்தியில் யாரும் ஓட்டுவதில்லை. கருவியின் பின்பக்க லேபிளில் இருக்கும் மின் நுகர்வுதான் உண்மைக்கு அருகில் வரும். அலைநீளம் எண்ணாக எழுதியிருக்க வேண்டும், எந்தத் தூரத்தில் எத்தனை மில்லிவாட் என்று இருக்க வேண்டும், டைமர் இருக்க வேண்டும், பேனலோடு கண் மூடியும் வர வேண்டும். ‘சிவப்பு ஒளி’ என்று மட்டும் எழுதி, எண்ணே இல்லாமல் விற்பது எனக்கு அழகான மேசை விளக்காக மட்டுமே தெரிகிறது.

தெரிஞ்சவங்க பயன்படுத்தின கருவியைக் கொடுத்தாங்க. கையேடு இல்லை. எப்படித் தொடங்குறது?

தொடங்குவதற்கு முன்னால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் கையேட்டைத் தேடுங்கள். அப்படியே, அந்த மாடல் திரும்பப் பெறப்பட்டதா என்பதையும் பாருங்கள். லேபிளில் லேசர் வகுப்பு எண் இருக்கிறதா என்பது அடுத்த வேலை. அதோடு வந்த அடாப்டர் அதனுடையதுதானா என்று வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒப்பிடுங்கள். மாற்று அடாப்டரால் சூடேறிய கருவிகள் நிறைய.

அலைநீளமும் பலமும் எங்கேயும் கிடைக்கவில்லை என்றால், நேரக் கணக்கைப் போட வழியே இல்லை. அப்படிப்பட்ட கருவியை முகத்தருகே கொண்டுபோகாமல் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவரும் பயன்படுத்தாமல் இருந்தால் நல்லது, அதையும் சொல்லிவிடுங்கள்.